யானைக்கு இரண்டு இதயம்

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் இருப்பது ஏழே எலும்பு. நமக்கும் ஏழுதான். தீக்கோழியின் மூளையை விட அதன் கண் பெரிது. பாரீசில் இருக்கும் இரும்புக் கோபுரம் வெயில் காலத்தில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக வளர்ந்து, குளிர் வந்ததும் பழையபடி சுருங்கிக்கொள்ளும். இவை எல்லாம் முப்பதுகளில் புதுச்சேரிக் கடற்பாலத்தில், மாலையில் காற்று வாங்க வந்த கனவான்களுக்கு என் கணவர் சொன்ன செய்திகள். அவருக்குச் சொன்னவள் நான். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதுவதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கும் என்று நினைத்து உட்கார்ந்தேன். முதல் பத்தியிலேயே கூடிவிட்டது.

அவர் அரசாங்க பீரோ ஒன்றில் குமாஸ்தா; அலுவலகத்தை எங்கள் ஊரில் பீரோ என்போம். பீரோ பிரெஞ்சு நன்றாக வரும். கடிதத்தின் தலையில் எப்படிக் கும்பிடு போடுவது, கடைசியில் எப்படிக் காலில் விழுவது என்பதெல்லாம் அத்துப்படி. அதற்கு மேல் ஒரு பக்கம் சேர்ந்தாற்போலப் படிக்கச் சொன்னால் கொட்டாவி வந்துவிடும். அவருடைய பீரோ துரைக்குப் பிரான்சிலிருந்து படம் போட்ட வாரப் பத்திரிகை ஒன்று வரும். ரெவ்யூ என்பார்கள். தபால் கப்பல் வரும்போது நாலைந்து இதழ்கள் ஒன்றாக வந்து இறங்கும். துரை பார்த்து முடித்ததும் அது இவர் கைக்கு வரும். இவர் அதைப் பைக்குள் வைக்க மாட்டார். அட்டைப்படம் வெளியே தெரியும்படி அக்குளில் இடுக்கிக்கொண்டு, குறுக்குத் தெருவில் வந்தால் சீக்கிரம் வந்துவிடலாம் என்றாலும், ஆள் நடமாட்டம் இருக்கும் தெருக்களாகப் பார்த்துச் சுற்றி, வாய்க்காலைக் கடந்து வீட்டுக்கு வருவார். வந்ததும் மேசைமேல் பொத்தென்று போடுவார்.

"எழுத்து பொடிசா இருக்குது. நீ பாத்து என்னா விசேஷம்னு சொல்லு."

அவர் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. ரசத்தில் கடுகு கருகியிருப்பதைத் தட்டில் விழுமுன்பே கண்டுபிடித்துவிடுவார்.

நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். பிரெஞ்சில் வகுப்பில் முதல். பெரிய மதர் என்னைக் கூப்பிட்டு, "நீ பிரெவே எழுதுவாய்" என்று சொன்ன அன்று நான் வீட்டுக்கு ஓடியே வந்தேன். பிரெவே என்பது அந்தக் காலத்துப் பரீட்சை. அதில் தேறினால் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைக்கும். கன்னியாஸ்திரீ ஆகாமலே ஒரு பெண் சொந்தக் காலில் நிற்பதற்கு எங்கள் ஊரில் அப்போது இருந்த வழி அநேகமாக அது ஒன்றுதான். ஓடி வந்து சொன்னபோது வீட்டில் என் கல்யாணத்துக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயது பதினைந்து. யாரும் என்னைத் திட்டக்கூட இல்லை. "சரி, போய் முகம் கழுவிட்டு வா" என்றார்கள்.

அடுத்த வருஷமே எனக்கு ஒரு மகள் பிறந்தாள். அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை நிற்கவில்லை. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றே நான் மனசுக்குள் எழுதி வைத்துவிட்டேன்: இவள் பிரெவே எழுதுவாள். என் வாழ்க்கையில் நான் பிடிவாதமாக ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

ஊரில் பன்னிரண்டு மணிக்கு பீரோக்களைப் பூட்டிவிட்டு மறுபடி இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் எங்கள் பாடசாலை நடக்கும். காலையில் உலை வைத்துவிட்டு நான் ரெவ்யூவைப் படித்து முடித்திருப்பேன். அவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்ல ஆரம்பிப்பேன். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் சொல்லக்கூடாது, சொன்னால் ஒட்டகச்சிவிங்கியின் எலும்பைத் தீக்கோழிக்கு வைத்துவிடுவார். ஆச்சரியமான பகுதியைக் கடைசியில் வைக்க வேண்டும். எண்களாக வந்தால், நாம் பார்த்த ஏதாவது ஒன்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். அவர் வாயில் சோற்றோடு ஒருமுறை திருப்பிச் சொல்வார். தப்பினால் திருத்துவேன். பிறகு ஒரு குட்டித் தூக்கம். மாலையில் பாலத்தில் அரங்கேற்றம்.

பாலத்தில் அவர் எப்படிப் பேசுவார் என்று பக்கத்து வீட்டு அம்மாள் எனக்கு வந்து சொல்வாள். அவள் புருஷனும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். கைத்தடியைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு, "நேத்து படிச்சிக்கினே இருந்தேன், ஒரு விஷயம் கண்ணுல பட்டுது" என்று ஆரம்பிப்பாராம். தேன் கெடவே கெடாது, எகிப்தில் ராஜாக்களின் கல்லறையில் தேன் ஜாடி இருந்தது என்பார். நத்தைக்கு ஆயிரக்கணக்கில் பல் என்பார். கைக்குழந்தைக்கு நம்மைவிட எலும்பு அதிகம், வளர வளர ஒன்றோடொன்று ஒட்டிக் குறைந்துவிடும் என்பார். இரும்புக் கோபுரம் வளரும் செய்தியைக் கேட்டு ஒரு கனவான், "அப்படின்னா நம்ம பாலமும் இரும்புதானே, சித்திரையில அளந்து பாக்கலாமா?" என்று கேட்டாராம். பேச்சு அதோடு நின்றது. கயிறு எடுத்துக்கொண்டு யாரும் போகவில்லை.

எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்பதில் மட்டும் அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை. கொசுக்களில் பெண்தான் கடிக்கும், ஆண் பூந்தேன் குடித்துக்கொண்டு சாதுவாக இருக்கும் என்று நான் சொன்னது பாலத்தில் ஒரு வாரம் ஓடியது. வீட்டுக்கு வீடு போய்ச் சிரித்தார்கள். சிலந்தியில் சில சாதி, பெண்ணே ஆணைத் தின்றுவிடும் என்பதும் நன்றாக ஓடியது. கடல்குதிரையில் பிள்ளை சுமப்பதும் பெறுவதும் ஆண்தான் என்றபோது, "சீ, சாப்பிடுற நேரத்துல" என்றார். அது பாலத்துக்குப் போகவில்லை. தேன்கூட்டை ஆள்வது ராஜா என்றே ஐரோப்பாவில் வெகுகாலம் நினைத்திருந்தார்கள், பிறகுதான் அது ராணி என்று தெரிந்தது, வேலை செய்யும் ஈக்கள் அத்தனையும் பெண், ஆண் ஈ சும்மா உட்கார்ந்து தின்னும் என்றேன். அதைக் கேட்டுக்கொண்டே தயிர் ஊற்றச் சொன்னார். அதுவும் போகவில்லை.

இதில் என் குற்றமும் உண்டு, அதை மறைத்து எழுதினால் இந்தக் காகிதம் வீண். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அவர் ஒரு நாள் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "புள்ள முன்னாடி வேணாம். அது நம்மளப் பத்தி என்னா நெனைக்கும்?" நான் சரி என்றேன். தகப்பன் பேரில் மதிப்பு இருந்தால்தான் பிள்ளை படிக்கும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு மதியச் சாப்பாடு பள்ளியிலேயே. ஞாயிற்றுக்கிழமையும் வியாழக்கிழமையும்தான் விடுமுறை. அந்த இரண்டு நாளும் நான் ரெவ்யூவைத் தொட மாட்டேன். "உங்கம்மா படிச்சதெல்லாம் அடுப்புல போட்டு எரிச்சிட்டா. ஜெபம் மட்டும்தான் பிரெஞ்சுல வரும்" என்று அவர் அவளிடம் கேலி செய்வார். நான் சிரிப்பேன். மாலையில் மதியம் நான் சொன்னதையே அவர் அவளுக்குச் சொல்லும்போது, "அப்படியா!" என்று வாயைப் பிளப்பேன். அந்த "அப்படியா"வை என்னை விட நன்றாகச் சொல்ல ஒருத்தி பிறந்து வர வேண்டும்.

மகள் கெட்டிக்காரி. தகப்பன் சொல்வதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். கண்ணில் அப்படி ஒரு பெருமை. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காமல் போன நாட்கள் உண்டு.

ஒருமுறை உண்மையான செய்திக்கே அவர் அவமானப்பட்டார். எட்டுக் கால் பேய்க்கணவாய்க்கு மூன்று இதயம், ரத்தம் நீலம் என்று நான் சொல்லி அனுப்பினேன். பாலத்தடியில் வலை உலர்த்திக்கொண்டிருந்த கடல்காரர்கள் அதைக் கேட்டுவிட்டார்கள். "நாங்க தெனம் அறுக்குறோம், துரை. ஒண்ணக்கூடக் காணோம், நீங்க மூணு எண்ணிட்டீங்களே" என்று ஒருவன் சொல்ல, கூட்டம் முழுதும் சிரித்ததாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்மேல் எரிந்து விழுந்தார். நான் ரெவ்யூவைத் திறந்து படத்தைக் காட்டினேன். "படத்துல என்னா வேணா போடுவான்" என்றார். மகள் நோட்டில் மட்டும் அது பத்திரமாக இருந்தது.

அவளுக்குப் பதினைந்து நடக்கும்போது, பிரெவே பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கையில், உறவினர் வீட்டில் ஒரு ஞானஸ்நான விருந்து. பீரோ துரையும் அவர் மதாமும் வந்திருந்தார்கள். என் கணவர் வழக்கம்போல நடுவில் நின்று நத்தைப் பல்லை எண்ணிக்கொண்டிருந்தார். மதாம் நல்ல மாதிரி. என் பக்கம் திரும்பி, உனக்கு அதிர்ஷ்டம், இதெல்லாம் உனக்கு வீட்டிலேயே கிடைக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னாள். எனக்குப் பதில் நுனி நாக்கில் வந்துவிட்டது. மடத்துப் பள்ளிக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரி என்னோடு பிரெஞ்சில் பேசியது அதுதான் முதல் தடவை. வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "இவளுக்குப் பிரெஞ்சு வராது, மதாம். இதெல்லாம் இவளுக்குப் புரியவும் புரியாது" என்று சிரித்துக்கொண்டே பிரெஞ்சில் சொன்னார். அந்தச் சின்ன வாக்கியத்திலும் ஒரு பிழை இருந்தது. மதாம் என் கையைத் தட்டிக்கொடுத்தாள், பாவம் என்பதுபோல.

மகள் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். தகப்பன் சொன்னதற்கு அவளும் சிரித்தாள். என்னை எரித்தது அந்தச் சிரிப்புதான்.

மறுநாள் மதியம் அவர் சோற்றைப் பிசையும்போது, "இன்னிக்கி என்னா?" என்றார். நான் ஒன்றும் படித்திருக்கவில்லை. ரெவ்யூ மேசைமேல் பிரிக்காமல் கிடந்தது. துரை புதுச்சேரிக்கு வருமுன் சைகோன் பக்கம் வேலை பார்த்தவர், காட்டில் யானை சுட்டிருக்கிறேன் என்று பீற்றிக்கொள்பவர் என்று எனக்குத் தெரியும். யானை சுட்ட மனுஷனிடம் யானையைப் பற்றிப் புளுகினால் மூக்கு உடைபடாமல் தப்ப முடியாது. அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

"யானைக்கு ரெண்டு இதயமாம்" என்றேன்.

பிசைந்த கை நின்றது. "ரெண்டா?"

"ரெண்டு. முன்னங்காலுங்களுக்கு ரத்தம் அனுப்ப ஒண்ணு, பின்னங்காலுங்களுக்கு ஒண்ணு. அவ்ளோ பெரிய ஒடம்புக்கு ஒண்ணு எப்படிப் போதும்? முன்னது தூங்குறப்ப பின்னது வேலை செய்யுமாம். அதனாலதான் நின்னுக்கினே தூங்குது."

என் நாக்கா இப்படிப் பேசுகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக உண்மையைச் சொல்லி வந்தவளுக்குப் பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "துரைக்கிட்ட சொல்லுங்க. அவருக்குத்தான் யானையைப் பத்தித் தெரியும்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் முகம் தொங்கிப்போய் வருவதைப் பார்க்க ஜன்னலோரம் நின்றேன். பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். விஷயம் இதுதான். துரை சைகோன் பக்கத்தில் சுட்ட யானை முதல் குண்டுக்கு விழவில்லையாம். குறி தப்பவில்லை, நேரே இதயத்தில்தான் பாய்ந்தது, ஆனாலும் அது காட்டுக்குள் ஓடிவிட்டது என்று அவர் இத்தனை வருஷமாகச் சொல்லி வர, கூட இருந்தவர்கள் நம்பாமல் சிரித்திருக்கிறார்கள். இப்போது காரணம் கிடைத்துவிட்டது. அவர் சுட்டது ஒரு இதயத்தை, இன்னொன்று ஓடியது! துரை மேசையைத் தட்டி எழுந்து என் கணவர் கையைக் குலுக்கினாராம். அன்று மாலையே பீரோ முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் பாலம் முழுக்க. மூன்று இதயத்துக்குச் சிரித்த கடல்காரர்கள்கூட இரண்டு இதயத்தை ஒப்புக்கொண்டார்கள். யானையை அவர்கள் யாரும் அறுத்ததில்லையே.

எனக்கு ஆத்திரம் இரண்டு நாள்தான் இருந்தது. பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. நான் மனசுக்குள் உண்டாக்கிய ஒரு மிருகம் ஊரில் நடமாடிக்கொண்டிருந்தது. துரைமார் அதற்கு வழிவிட்டார்கள். என் கணவர் அதன்மேல் ஏறி ஊர்வலம் போனார். அவர் ஏறியிருப்பது வெறும் காற்று என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனாலும் மாதக் கடைசியில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சொன்னேன், புருஷனிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன் என்று.

"என்னா பொய்?" என்றார் சாமியார்.

"யானைக்கு ரெண்டு இதயம்னு சொல்லிட்டேன், சாமி."

பலகைக்கு அந்தப் பக்கம் லேசாக ஒரு செருமல். சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்தது. "அதனால யாருக்காவது கெடுதல் உண்டா?"

"ஒருத்தருக்கும் இல்ல, சாமி."

மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வந்தேன்.

மகள் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்தாள். நான் அவளுக்கு முட்டை அடித்துக் கொடுத்தேன், தலைக்கு எண்ணெய் வைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? எனக்குத்தான் பிரெஞ்சு வராதே. உடற்கூறு பாடம் படித்துக்கொண்டிருந்த ஒரு நாள் மாலை, சாப்பாட்டு மேசையில் அவள் தகப்பனிடம் கேட்டாள்.

"அப்பா, பால் குடுக்குற மிருகம் எல்லாத்துக்கும் ஒரே இதயம்தான்னு புத்தகத்துல போட்டிருக்குது. யானையும் பால் குடுக்குறதுதானேப்பா?"

"புத்தகம் பழசு. ரெவ்யூ புதுசு" என்றார் அவர். "துரையே ஒத்துக்கிட்டாரு. அவரு நேர்ல சுட்டவரு."

நான் அப்போது மேசைக்கு இந்தப் பக்கம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் என்னையும் ஒரு தடவை பார்த்தாள், சும்மா, அம்மா அங்கே நிற்கிறாள் என்பதற்காக. பொய் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும், யார் படிக்கிறார்கள், யார் சொல்கிறார்கள் என்பது வரை. அவர் முகம் போகும். பரீட்சைக்கு முன்னால் வீட்டில் ரகளை எதற்கு, பரீட்சையில் யானையையா கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். "அப்படியா!" என்றேன், பழக்க தோஷம்.

எழுத்துப் பரீட்சையில் அவள் நன்றாகத் தேறினாள். மிச்சம் வாய்மொழித் தேர்வு. அங்கே ஒரு பாடத்தில் சைபர் விழுந்தால் மற்றதில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் தள்ளிவிடுவார்கள் என்பது விதி. அன்று நடந்ததை அவள் வாயால் கேட்டதைத்தான் எழுதுகிறேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். விஞ்ஞானத்துக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர். ரத்த ஓட்டத்தைக் கேட்டிருக்கிறார். இவள் நாலு அறை, வால்வு, பெரிய குழாய், சின்னக் குழாய் என்று தடையில்லாமல் சொல்லியிருக்கிறாள். டாக்டர் தலையாட்டி, போகலாம் என்று சொல்லும் நேரம். தகப்பன் மகள் இல்லையா, ஒன்று கூடச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்து, பாலூட்டிகளில் யானைக்கு மட்டும் இரண்டு இதயம் என்றிருக்கிறாள்.

டாக்டர் முதலில் விளையாட்டு என்று நினைத்தாராம். இவள் சிரிக்காததைப் பார்த்து, சரி, கரும்பலகையில் வரைந்து காட்டு என்று சாக்கட்டியைக் கொடுத்திருக்கிறார். வரைந்திருக்கிறாள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் போகவர இரண்டு குழாய். நான் சொல்லாததையும் அவளாக யோசித்துச் சேர்த்திருக்கிறாள். புத்தி இருந்தது, அதனால்தான் அவ்வளவு தூரம் போனாள். சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறாயா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். மாட்டேன் என்றிருக்கிறாள். யார் சொன்னது என்று கேட்டதற்குத் தகப்பனார் என்றிருக்கிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தாராம். மற்ற இருவரும் சிரித்தார்களாம். பின்னால் முறைக்குக் காத்திருந்த பெண்களும் சிரித்தார்களாம். சைபர்.

"அப்பா சொன்னது தப்புன்னு நான் எப்படிம்மா சொல்றது, அத்தினி பேர் முன்னாடி?" என்று என் மடியில் விழுந்து அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

தள்ளப்பட்டவர்கள் சில மாதம் கழித்து மறுபடி எழுதலாம். அவள் எழுதுவதாகத்தான் இருந்தாள். அவள் தகப்பனும் முதல் சில நாள், "அந்த டாக்டருக்கு என்னா தெரியும்?" என்று வீட்டுக்குள் குதித்துக்கொண்டிருந்தார். ஆனால் டாக்டர் வாயிலிருந்து கதை கசிந்து ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது, பாலத்துக் கூட்டத்துக் கனவான் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னங்க, யானை பரீட்சை எழுதப் போச்சாமே?"

என் கணவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "நான் சொன்னது பேய்க்கணவாய்க்கி மூணு இதயம்னு. புள்ள யானைன்னு மாத்திக்கிச்சு. பொம்பளப் புள்ளைங்க தலையில எது நிக்கிது?" என்று உரக்கச் சொல்லிச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அவருக்கு இரண்டடி பின்னால், தலையில் முக்காட்டோடு, மகள் நின்றுகொண்டிருந்தாள்.

வீடு வரும்வரை அவள் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வந்ததும் தன் நோட்டைக் கொண்டுவந்து தகப்பன் முன்னால் வைத்தாள், திறக்காமலே. "நான் மாத்திக்கலப்பா" என்றாள். அவர் கோட்டைக் கழற்றிக்கொண்டே, "சரி விடு, ஊர் வாயை எதையாவது போட்டு மூடணுமில்ல" என்றார். அவள் எங்கள் இருவரையும் பார்த்து, "நான் இனிமே எழுத மாட்டேன்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அவரு சொல்லல, நானும் எங்கயும் படிக்கல, என் புத்தியில தோணினதைச் சொன்னேன். யானைக்கு ரெண்டு இதயம்னு புளுகினது நான்" என்றேன்.

அவர் சிரித்தார். பொய்யாகச் சிரிக்கவில்லை, நிஜமாகவே சிரித்தார். "நீயா? நானே ரெவ்யூல பாத்தேன். படங்கூடப் போட்டிருந்தான்" என்றார். இந்த நாலைந்து மாதத்தில் அவர் அதை நம்பியே விட்டிருந்தார்.

மகள் சிரிக்கவில்லை. இரக்கத்தோடு என்னைப் பார்த்தாள். "அப்பாவக் காப்பாத்த நீ ஏம்மா பழி ஏத்துக்கற? உனக்குப் பிரெஞ்சே தெரியாதே."

மேசைமேல் ரெவ்யூ கிடந்தது. எடுத்தேன். கைக்கு வந்த பக்கத்தைத் திறந்து உரக்கப் படித்தேன். வௌவாலைப் பற்றியோ எதைப் பற்றியோ, இப்போது நினைவில்லை. மடத்துப் பள்ளியில் மதர் சொல்லிக்கொடுத்தபடி, எங்கே மூக்கால் சொல்ல வேண்டுமோ அங்கே மூக்கால், எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, ஒரு பக்கம் முழுவதும் படித்தேன். படிக்கும்போதே எனக்குள் ஒரு அல்ப சந்தோஷம். பதினாறு வருஷம் கழித்து என் குரலில் அந்த பாஷை கேட்டது. அவர் தலையைக் குனிந்து கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் தெரிந்துகொண்டாள், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து நிமிர்ந்தேன்.

அவள் முகத்தில் இருந்த இரக்கம் போய்விட்டிருந்தது.

"அன்னிக்கி சாப்பிடுறப்ப நான் கேட்டேனே" என்றாள் மெதுவாக. "நீ அங்கதான நின்ன. உனக்குப் பொய்யின்னு தெரியும். ஏம்மா சொல்லல?"

"மறுபடி எழுது, கண்ணு" என்றேன். "என் தப்பு. உன் தப்பு ஒண்ணுமில்ல. எழுது" என்று கையைப் பிடித்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அப்படியே விட்டிருந்தாள். மறு தேர்வுக்குப் பேர் கொடுக்கும் கடைசி நாள் வந்து போனது. பெரிய மதர் ஆள் அனுப்பினார், அவள் போகவில்லை. அடுத்த வருஷம் பெரிய வியாழன், உயிர்த்த ஞாயிறு எல்லாம் முடிந்ததும், சைகோனில் வேலை பார்க்கும் பையன் ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். அவளே சம்மதம் சொன்னாள். தூரம் என்றுதான் சம்மதித்தாள் என்று எனக்குத் தெரியும்.

கப்பல் வரும்போதெல்லாம் கடிதம் வரும். உறைமேல் தகப்பன் பேர். உள்ளேயும், அன்புள்ள அப்பாவுக்கு என்றுதான் தொடங்கும். எல்லாம் பிரெஞ்சில். தமிழில் எழுதியிருந்தால் அவரே படித்துக்கொண்டிருப்பார். பிரெஞ்சில் எழுதினால் யார் படித்துச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் நான் படித்துச் சொல்வேன். அங்கே மழை எப்படி, என்ன மீன் கிடைக்கிறது, குழந்தைக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது, எல்லாம் இருக்கும். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்ற ஒரு வரி மட்டும் எந்தக் கடிதத்திலும் இருந்ததில்லை. முதல் இரண்டு கடிதங்களில் அந்த வரியை நானே சேர்த்துப் படித்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.